சனிக்கிழமை முடிகிற வாரண்டி

என் வீட்டுக்காரரை அவர் தொழிலில் இருக்கிற யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. 'காதுக்காரர்' என்றுதான் சொல்வார்கள். லிப்ட் பழுது பார்க்கிறவர். முப்பத்தோரு வருடமாக அதே வேலை. மூடிய லிப்ட் கதவில் இடது காதை ஒட்டவைத்துக்கொண்டு, மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை ஓட்டச் சொல்வார். கண்ணை மூடிக்கொள்வார். அப்புறம், "மூணாவது மாடி தாண்டும்போது வலது பக்கம் தேயுது" என்பார். கழற்றிப் பார்த்தால் தேய்ந்துதான் இருக்கும். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை என்று அவரும் சொல்வார், மற்றவர்களும் சொல்வார்கள். அவர் சொல்வதை எப்போதும் பாதியாகக் குறைத்துக்கொள்கிற எனக்கும் இந்த ஒரு விஷயத்தில் குறைக்க எதுவும் கிடைத்ததில்லை.

ஒரு துணிக்கடை முதலாளி ஒருமுறை அவரிடம் வாதாடினார். மீட்டர் வைத்துப் பார்த்தாகிவிட்டது, எல்லாம் சரியாக இருக்கிறது, வருடாந்திரச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள் என்றார். இவர் போடவில்லை. "உங்க மீட்டருக்குக் கேக்காதுங்க, எனக்குக் கேக்குது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். முதலாளி வேறு ஆளை வைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். பத்தாம் நாள் லிப்ட் நடுவழியில் நின்றது. உள்ளே ஒன்பது பேர், அதில் ஒருவர் முதலாளியே. போனில் அலறியவரிடம் இவர் கேட்டது ஒரே கேள்வி: "நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுலதானே?" அங்கேதான். அன்றிலிருந்து அந்தக் கடையில் எனக்குத் துணி வாங்கினால் தள்ளுபடி உண்டு.

அப்பேர்ப்பட்ட காது, நான் பேசினால் மட்டும் அடைத்துக்கொள்ளும். எங்கள் குளியலறைத் தரை வழுக்குகிறது, கல்லை மாற்றுங்கள் என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். 'ம்' என்பார். செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். செவிடன் என்றாலாவது மனசு ஆறும். மூன்றாவது மாடியில் ஒரு ரப்பர் துண்டு தேய்வதைக் கீழே நின்று கேட்கிறவருக்கு, பக்கத்தில் நிற்கிற பெண்டாட்டி சொல்வது கேட்கவில்லை என்றால் கோபம் வராதா? எனக்கு வந்தது. வந்த கோபம் போகாமல் உட்கார்ந்தும்விட்டது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் நான் செய்த காரியத்துக்கு அதுதான் வேர்.

இந்தக் கோபத்தின் மேல்தான் அந்தக் கார் வந்து நின்றது.

ஒரு பெரிய வியாபாரி வீட்டு லிப்டை இவர் பார்த்துக்கொண்டிருந்தார். வியாபாரி வெளிநாட்டில் மகனோடு இருக்கப் போகிறார். போகிற அவசரத்தில் தன் காரை இவருக்குப் பாதி விலைக்குக் கொடுத்தார். பாதி என்றாலும் அது எங்கள் வீட்டுக்குப் பெரிய தொகை. கறுப்பு நிறம், உள்ளே தோல் இருக்கைகள், கதவைச் சாத்தினால் தலையணையில் தட்டியது போன்ற சத்தம். நிற்கும்போது சக்கரத்தின் மேல் தாழ்ந்து, ஓட்டப் போகும்போது தானாக உயர்கிற வகை. முன்பணம் கொடுத்துவிட்டு வந்து, சாப்பாட்டு மேஜை மேல் சாவியை வைத்துவிட்டு, "கண்ணை மூடு" என்றார். நான் மூடவில்லை. "குளியலறை?" என்றேன். "அது எங்க போயிடப் போகுது" என்றார்.

இருபத்தெட்டு வருடம் கிரீஸ் டப்பாவும் கம்பிச் சுருளும் கிடக்கிற வேனில் என்னை ஏற்றிக்கொண்டு போனவர். அதனால்தான் வாங்கினேன் என்று என் தம்பியிடம் சொன்னாராம். என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் கொஞ்சம் இளகியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

கம்பெனி வாரண்டி பதினோரு மாதம் பாக்கி இருந்தது. முதல் எட்டு மாதம் ஒரு பிரச்சினையும் இல்லை. ஒன்பதாவது மாதம் ஒரு சாயங்காலம் காரை ஷெட்டில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தவர், செருப்பைக் கழற்றாமல் திரும்பிப் போனார். பத்து நிமிடம் கழித்து வந்து, "ஸ்ஸுன்னு ஒரு சத்தம், உனக்குக் கேக்குதா?" என்றார். போய் நின்று பார்த்தேன். எனக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்கவில்லை. "ஒண்ணும் இல்லீங்க" என்றேன்.

அதிலிருந்து ஆரம்பித்தது. சர்வீஸுக்குக் கொண்டுபோனார். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்றார்கள். மறுபடி கொண்டுபோனார். மறுபடி இல்லை என்றார்கள். அந்தக் காரில் சக்கரத்துக்கு மேலே கம்பிச் சுருளுக்குப் பதிலாகக் காற்று அடைத்த ரப்பர் பை இருக்கிறது. அதில் எங்கோ காற்று கசிகிறது என்பது அவர் சந்தேகம். அது போனால் மாற்றுகிற செலவில் ஒரு சின்னக் காரே வாங்கிவிடலாம் என்று சொன்னார்கள். ஆனால் இவரால் கழற்றிப் பார்க்க முடியாது. வெளியாள் கைவைத்தால் வாரண்டி செல்லாது. வீட்டில் மிக்ஸி முதல் கடிகாரம் வரை எதையும் விட்டுவைக்காத மனுஷர், சொந்தக் காரைச் சுற்றிச் சுற்றி வந்தாரே தவிர ஒரு ஸ்க்ரூவைத் தொடவில்லை. குட்டி போட்ட பூனை மாதிரி ஷெட்டுக்கும் கூடத்துக்கும் நடந்தார். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்தார். தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுத் தலையைச் சாய்த்துக்கொண்டு எதையோ கேட்டார். அவரைப் பார்த்துப் பார்த்து என்னாலும் ஓர் இடத்தில் உட்கார முடியாமல் போயிற்று.

இதற்கு நடுவில் வாரண்டி விற்கிற பெண் போன் செய்ய ஆரம்பித்தாள். "சார், கம்பெனி வாரண்டி முடியுறதுக்குள்ள நீட்டிப்பு வாரண்டி போட்டாதான் உண்டு. ரெண்டு வருஷம், நாலு வருஷம், ரெண்டும் இருக்கு." குரலில் அவ்வளவு கரிசனம். எங்கள் மகள்கூட இத்தனை தடவை போன் செய்ததில்லை.

நாலு வருட வாரண்டியின் விலைக்குக் குளியலறைத் தரை மட்டுமல்ல, சமையலறைத் தரையும் சேர்த்து மாற்றலாம். நான் கேட்டு வைத்திருந்தேன்.

என் தம்பி ஞாயிற்றுக்கிழமை வந்தான். "அத்தான், யானைய வாங்கிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசாதீங்க. போட்டுடுங்க" என்றான்.

"சத்தம் நெசமா இருந்தா போடணும். இல்லேன்னா எதுக்கு?" என்றார் இவர்.

"உங்க காதுக்குக் கேட்டா அப்புறம் என்ன அத்தான் சந்தேகம்?"

இவர் என்னைப் பார்த்தார். "அக்காவுக்குக் கேக்கலியாமே" என்றார்.

நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

ஏன் போனேன் என்றால், அதற்கு ஐந்து நாள் முன்னால் எனக்குக் கேட்டிருந்தது.

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது குடையை எடுக்க ஷெட்டுக்குப் போனேன். அவர் அப்போதுதான் காரை எங்கோ கொண்டுபோய்த் திரும்பியிருந்தார். தெருவில் வண்டி இல்லை, பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டாரும் ஓடவில்லை. ஸ்ஸ் என்று மெல்லிய இழுப்பு. பாலில் தண்ணீர் கலந்த மாதிரி, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவு. குனிந்தேன். நான் உட்காருகிற பக்கத்து முன்சக்கரத்திலிருந்து வந்தது. கொஞ்ச நேரம் இழுத்தது, ஒரு மூச்சு விடுகிற அளவுக்கு நின்றது, மறுபடி வந்தது.

உள்ளே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். வாசல்படிவரை அதற்காகத்தான் வந்தேன். அவர் கூடத்தில் நின்றுகொண்டு போனில் அந்தப் பெண்ணிடம், "நாலு வருஷத்துக்கே போட்டா ஏதாவது குறைப்பீங்களாம்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அன்று காலைதான் குளியலறையில் வழுக்கி, குழாயைப் பிடித்துத் தப்பியிருந்தேன். முழங்கை வீங்கியிருந்தது. அவரிடம் காட்டியிருந்தேன். 'ம்' என்றிருந்தார். இந்த நேரத்தில், "ஆமாங்க, எனக்கும் கேட்டுச்சு" என்று சொன்னால் என்ன ஆகும்? பணம் நேராகக் காருக்குப் போகும். மென்று விழுங்கிவிட்டுக் குடையோடு கிளம்பிவிட்டேன்.

ஒரு நாள் சொல்லாமல் விட்டதை மறுநாள் சொல்வது கஷ்டம். நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார் அல்லவா? மூன்றாம் நாள் இன்னும் கஷ்டம். அவர் ஒவ்வொரு சாயங்காலமும், "இப்பவாவது கேக்குதா?" என்பார். "இல்ல" என்பேன். இரண்டாவது வாரம் அவர் கேட்பதை நிறுத்தினார். ஷெட்டுக்கு நடப்பதும் நின்றது. நாற்காலியில் உட்கார்ந்து கால் பெருவிரலை ஆட்டிக்கொண்டே இருந்தார். சரி, அடங்கிவிட்டார், வாரண்டி ஆசை போய்விட்டது என்று நான் உள்ளுக்குள் மகிழ்ந்துகொண்டேன். அவ்வளவு மடச்சி நான்.

நான் ஒரு மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். பத்தொன்பது வருடம். நோயாளிகளைப் படுக்கையோடு தள்ளிக்கொண்டு போகிற பெரிய லிப்ட் என் மேசைக்கு எதிரில்தான். அதை அவ்வப்போது வந்து பார்த்து, வருடா வருடம் சான்றிதழ் போடுகிறவர் என் வீட்டுக்காரர். வாரண்டி முடிய இரண்டு நாள் இருக்கும்போது, அந்த வியாழக்கிழமை, எங்கள் நிர்வாகி மேசையருகே வந்து நின்றார்.

"என்னம்மா, உங்க வீட்டுக்காரருக்கு எங்க மேல ஏதாவது வருத்தமா?"

"ஏன் சார்?"

"இந்த வருஷம் லிப்டுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாரே. வேற ஆளப் பாத்துக்கங்கன்னு போன வாரமே சொல்லிட்டார். காரணம் கேட்டா, 'முன்ன மாதிரி இல்ல சார், ஆளுங்க உயிரு போற விஷயம்'னு போனை வெச்சுட்டார். வேற ஆளக் கூப்பிட்டிருக்கேன். அவரு வந்து பாக்காமலே பேப்பர அனுப்புங்க, போட்டுத் தரேங்கறார். எனக்குப் பயமா இருக்கு."

என் கையிலிருந்த பதிவேடு நழுவித் தரையில் விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவள் நிமிர நேரமானது.

அன்று வீட்டுக்குப் போய்த் துவைக்கப் போட்ட சட்டைப் பையைத் துழாவினேன். நான்காக மடித்த காகிதம் இருந்தது. வேறொரு மருத்துவமனையின் காது மருத்துவர் எழுதியது. செவித்திறன் சோதனை. கோடு ஒன்று நேராகப் போய்க் கடைசியில் கொஞ்சம் சரிந்திருந்தது. 'வயதுக்கு ஏற்ற இயல்பான குறைவு' என்று கீழே எழுதியிருந்தது. ஐம்பத்தாறு வயதில் யாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று பத்தொன்பது வருடம் காகிதங்களைப் பார்த்த எனக்குத் தெரியும். ஆனால் அவர் 'குறைவு' என்ற ஒரு சொல்லின் கீழே மட்டும் பேனாவால் கோடு போட்டிருந்தார். இரண்டு தடவை போட்டிருந்தார்.

அவர் கூடத்தில் பெருவிரலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போய்ச் சொல்லிவிடலாம் என்று கிளம்பினேன். கதவு வரை போனதும் கால் நின்றுவிட்டது. என்ன சொல்வது? 'குளியலறைக் கல்லுக்காக உங்கள் காதைக் கெடுத்துவிட்டேன்' என்றா? வெள்ளிக்கிழமை முழுக்க அப்படியே போயிற்று. வேலையில் ஒருவர் பெயரை இன்னொருவர் சீட்டில் எழுதினேன். வீட்டில் பருப்பை அடுப்பில் வைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. மூன்று தடவை ஷெட்டுக்குப் போனேன். மூன்று தடவையும் அது சீறிக்கொண்டிருந்தது. அத்தனை தெளிவாகக் கேட்கிற சத்தத்தை இல்லை என்று சொன்ன வாய் இது என்று எனக்கே அருவருப்பாக இருந்தது.

சனிக்கிழமை மதியம் நானும் அவரோடு ஷோரூமுக்குக் கிளம்பினேன். "நீ எதுக்கு?" என்றார். "சும்மாதான்" என்றேன். வழியில் நான் நாலு தடவை வாயைத் திறந்து நாலு தடவையும் வானிலை பற்றிப் பேசினேன்.

ஷோரூமில் எல்லாமே கண்ணாடி. வாரண்டிப் பெண் எங்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். சுவரில் மணி மூன்று நாற்பது. ஒரு மெக்கானிக் காரை உள்ளே கொண்டுபோய் அரை மணி நேரத்தில் காகிதத்தோடு வந்தார்.

"கம்ப்யூட்டர்ல ஒரு எரரும் இல்ல சார்" என்றாள் அந்தப் பெண் காகிதத்தைப் பார்த்துவிட்டு. "வண்டி சுத்தமா இருக்கு. அதனால நீட்டிப்புக்குத் தகுதி இருக்கு. ஆனா அஞ்சு மணிக்கு சிஸ்டம் மூடிடும். அப்புறம் நானே நெனச்சாலும் போட முடியாது."

அவர் அந்தக் காகிதத்தை வாங்கி வெகு நேரம் பார்த்தார். பிறகு மேஜை மேல் வைத்து உள்ளங்கையால் தடவிவிட்டார்.

"வேண்டாம்மா. வண்டியில கோளாறு இருந்தா போடலாம்னு இருந்தேன். வண்டி நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் காதுல ஏதோ இரையுது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

"எனக்கும் கேக்குதுங்க" என்றேன்.

அவர் திரும்பவில்லை. "பரவால்ல விடு. பாவம் பாத்து சொல்லாத."

"பாவம் பாத்து சொல்லல. நெசமா கேக்குது."

"விடுன்னேன்ல." குரல் கொஞ்சம் உயர்ந்தது. வாரண்டிப் பெண் தண்ணீர்க் கோப்பைகளை அடுக்க ஆரம்பித்தாள்.

"நான் உக்கார்ற பக்கத்து முன்சக்கரம்" என்றேன். "வண்டிய நிறுத்தின பிறகு கேக்குது. ஸ்ஸுன்னு இழுக்குது. நடுவுல ஒரு மூச்சு விடுற மாதிரி நிக்குது. மறுபடி வருது."

இப்போது திரும்பினார். அந்த நடுவில் நிற்கிற விஷயத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சர்வீஸ்காரர்களிடமும் இல்லை, என் தம்பியிடமும் இல்லை. கேட்டவருக்குத்தான் தெரியும்.

"எப்பலேர்ந்து?"

"மூணு வாரமா."

அவர் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், தெரியாத ஆளின் முகத்தைப் பார்ப்பது போல. பிறகு அந்தப் பெண்ணிடம், "கொஞ்சம் சோப்புத் தண்ணி கிடைக்குமாம்மா?" என்றார்.

கிடைத்தது. மெக்கானிக் முதலில் மறுத்தார், கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது என்றார். "கம்ப்யூட்டர் சொல்லட்டும் தம்பி. நீங்க ஒரு தடவ கழட்டுங்க. நான் தொட மாட்டேன், தள்ளியே நிக்கிறேன்" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். வண்டியைத் தூக்கினார்கள். சக்கரத்தைக் கழற்றி உள் மறைப்பையும் எடுத்தார்கள். மெக்கானிக் ரப்பர் பையின் மேல் சோப்புத் தண்ணீரைத் தெளித்தார். ஒன்றும் இல்லை. "கீழ மடிப்புல" என்றார் இவர், தூரத்திலிருந்தே. தெளித்தார். கடுகளவில் ஒரு குமிழ் வந்தது. வளர்ந்து உடைந்தது. கொஞ்சம் இடைவெளி விட்டு அடுத்தது வந்தது.

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "இப்பதான் விரிசல் விட ஆரம்பிச்சிருக்கு சார். இன்னும் ரெண்டு மாசத்துல கார் ஒரு பக்கம் உக்காந்திருக்கும். எப்படி சார் கேட்டுச்சு?"

அவர் அந்தக் குமிழையே பார்த்துக்கொண்டு நின்றார். வேறு சமயமாக இருந்தால் துணிக்கடை முதலாளி கதை அரை மணி நேரம் ஓடியிருக்கும்.

வாரண்டி தேதிக்குள் கண்டுபிடித்ததால் கம்பெனியே புதுப் பை மாற்றித் தரும் என்று எழுதிக் கொடுத்தார்கள். மாற்ற அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அதுவரை மெதுவாக ஓட்டலாமாம். மணி நாலே முக்கால். வாரண்டிப் பெண்ணுக்கு இப்போது புது உற்சாகம். "பாருங்க சார், இன்னைக்கு இது. நாளைக்கு இன்னொண்ணு வந்தா? நீட்டிப்பு இருந்தா நிம்மதி!"

அவர் என் பக்கம் திரும்பினார். கார் வாங்கும்போது கேட்காதவர், வேன் வாங்கும்போதும் கேட்காதவர், "நீ சொல்லு. போடவா?" என்றார்.

"போடுங்க" என்றேன்.

"நீ வேண்டாம்னு சொல்லுவேன்னு நெனச்சேன். இனிமே என்ன வந்தாலும் எனக்குக் கேட்டுடுமே."

"உங்களுக்குக் கேக்கும். ஆனா அடுத்த தடவையும் நான் இல்லேன்னு சொல்ல மாட்டேன்னு என்ன நிச்சயம்? நான் சொன்னா நீங்க நம்பிடுறீங்களே."

வாரண்டிப் பெண் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாள். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். அவர் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டார். நாலு வருடத்தைப் பற்றி அவள் மறுபடி பேசவில்லை.

காரில் ஏறி இரண்டு தெரு தாண்டினோம். பிறகு சாலையைப் பார்த்தபடியே சொன்னார்.

"சர்வீஸ்காரன் இல்லேன்னான். எனக்கு ஒண்ணும் ஆகல. கம்ப்யூட்டர் இல்லேன்னுச்சு, அப்பவும் ஒண்ணும் ஆகல. நீ தினமும் இல்ல இல்லன்னு சொன்னியா, அப்புறந்தான் டாக்டர்கிட்ட போனேன். நீ எதுக்குப் பொய் சொல்லப் போறேன்னு நெனச்சேன்."

மூன்று வருடமாக என் பேச்சு அந்தக் காதில் ஏறுவதே இல்லை என்று கோபித்துக்கொண்டிருந்தவள் நான். ஏறியிருக்கிறது. சர்வீஸ்காரன் சொன்னதையும் இயந்திரம் சொன்னதையும் தள்ளிவிட்டு, நான் சொன்ன ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு முப்பத்தோரு வருடத் தொழிலை விடப் பார்த்திருக்கிறார். அழுகை வந்தது. அழுதேன். "குளியலறைக் கல்லுக்காகங்க" என்று நடுவில் சொன்னேன். அவருக்கு என்ன புரிந்ததோ, "முழங்கை இப்ப எப்படி இருக்கு?" என்றார்.

"மருத்துவமனைக்கு ஓட்டுங்க" என்றேன். "அந்த லிப்ட இன்னைக்கே பாருங்க. அந்தாளு வந்து பாக்காமலே கையெழுத்துப் போட்டுடப் போறான்."

சனிக்கிழமை சாயங்காலம் வரவேற்பில் கூட்டம் இல்லை. நிர்வாகி அவரைப் பார்த்ததும் ஓடிவந்து சாவியைக் கொடுத்தார். காவலாளி உள்ளே நின்று ஓட்டினார். இவர் மூடிய கதவில் இடது காதை வைத்துக் கண்ணை மூடினார். மேலே போயிற்று, கீழே வந்தது. அவ்வளவுதான், இப்போது சொல்வார் என்று காத்திருந்தேன்.

கண்ணைத் திறந்து என்னைக் கூப்பிட்டார். "இங்க வா. உனக்கு என்ன கேக்குது?"

இருபத்தெட்டு வருடத்தில் அவர் இந்தக் கேள்வியை லிப்ட் பக்கத்தில் நின்று யாரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை. காதை வைத்தேன். குளிர்ந்த இரும்பு. உள்ளே மோட்டார் ஓடுகிற ஒரே சத்தம். உங்களுக்குக் கேட்பதுதான் எனக்கும் கேட்கிறது என்று சொல்லி அவரைச் சந்தோஷப்படுத்திவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியது. இன்னொரு பொய்க்கு எனக்குத் தைரியம் இல்லை.

"மோட்டார் சத்தம்தாங்க. வேற எதுவும் எனக்குப் பிரிச்சுத் தெரியல."

"ரெண்டாவது மாடியில லேசா உரசுற மாதிரி இருக்கு... இல்ல?"

அந்த 'இல்ல?' அவர் பேச்சில் முன்பு இருந்ததே கிடையாது.

"உரசுதுன்னா உரசுதுங்க. எழுதுங்க."

தலையை ஆட்டினார். ஆனால் பேனாவை எடுக்கவில்லை. காவலாளியை மறுபடி ஓட்டச் சொன்னார். மறுபடியும். நான் எண்ணினேன், ஆறு தடவை. அதன் பிறகுதான் காகிதத்தைச் சுவரில் வைத்து, இரண்டாவது மாடியில் பழுது பார்த்த பிறகே சான்றிதழ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை கழற்றிப் பார்த்தார்கள். அவர் சொன்ன அதே இடத்தில் தேய்ந்திருந்தது. நிர்வாகி என் மேசைக்கு வந்து காதுக்காரர் காதுக்காரர்தான் என்று மெச்சிவிட்டுப் போனார். காருக்குப் புதுப் பை போட்டாகிவிட்டது, ஷெட்டில் சத்தமே இல்லை. குளியலறைக்கும் ஆள் வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறான். ஆனால் எங்கள் லிப்டைப் பார்க்க அவர் வரும் நாட்களில் நான் மேசையிலிருந்து எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். முன்பெல்லாம் ஒரு தடவை ஓட்டினால் போதும் அவருக்கு. போன வாரம் நாலு தடவை ஓட்டினார்.